காதைத் தொட்டுப் பார்த்த டாக்டர்

ஜூன் 4

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

நான்தான், நீங்கள் 'பார்சல்' என்று பெயர் வைத்தவள், எழுதுகிறேன். தீவு விடுதியின் பெண்கள் அறையில் ஒன்பது நாள் உங்கள் தலைக்கு மேலே, அடுக்குக் கட்டிலின் மாடியில் படுத்துக் குறட்டை விட்டவள். வாடகை ஸ்கூட்டரோடு சேற்றில் விழுந்து, எழுந்திருக்க மனசில்லாமல் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டு கிடந்தோமே, அதில் அடியில் கிடந்தவளும் நானே. இதற்கு மேல் அடையாளம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பி எட்டு நாள் ஆகிறது. முதுகுப்பையை இன்னும் முழுசாகக் காலி செய்யவில்லை. எந்த அறைக்குள் கைவிட்டாலும் மணல்தான் வருகிறது. தம்பி மனைவி கேட்கிறாள், "ஒம்பது நாள்ல அப்படி என்ன அண்ணி பெரிய சிநேகிதம்?" என்று. பார்சல் ஆபீசில் இருபது வருஷமாக அடுத்த மேசையில் இருக்கிறவரோடு நான் பேசிய மொத்தப் பேச்சு, பசை டப்பாவை நகர்த்தச் சொன்னதுதான். உங்களிடம் மூன்றாம் நாளே, ஒரே கயிற்றில் ஈரத்துணி காயப்போட்டபடி, என் கல்யாணம் ஏன் முறிந்தது என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். இதை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

அந்தத் தீவுக்கு எத்தனை ஆயிரம் மூட்டைக்கு எடை போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பேன்! ஒரு தடவை என்னையே அனுப்பிக்கொள்ளலாமே என்றுதான் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் நாளே கடலுக்குள் முள்ளுருண்டையாகக் கிடந்த ஏதோ ஒரு பிராணியை மிதித்து, உங்கள் கையில் வந்து சேர்ந்தேன். உங்கள் வைத்தியத்தை இங்கே யாரிடம் சொன்னாலும் வாயைப் பிளக்கிறார்கள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தீர்கள். காலைப் பின்பக்கமாகத் தூக்கி உங்கள் முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நாக்கால் ஏதோ "ப்ர்ர், ப்ர்ர்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே பதினாலு முள்ளையும் பிடுங்கினீர்கள். அப்புறம் முதுகில் இரண்டு தட்டு, வாயில் ஒரு வாழைப்பழம். நெற்றியைத் தொடாமல் காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற டாக்டரை நான் பார்த்ததே இல்லை. வெளிநாட்டுப் படிப்பாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் நம்பர் கேட்டதற்கு, "டாக்டருங்க போனே எடுக்கமாட்டோம், லெட்டர் போடுங்க" என்றீர்கள். போட்டுவிட்டேன். "டாக்டர்னு கூப்பிடாதீங்க, நீ, வா, போன்னே பேசுங்க" என்றும் எத்தனையோ தடவை சொன்னீர்கள். அது மட்டும் என்னால் ஆகாது. படித்தவர்களை எப்படி நீ என்பது?

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் பொரித்த மீனைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேனே, அந்த வலி இங்கேயும் வந்தது. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் மூன்று கல்லாம். ஜூன் 28 ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பொருளை முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைத்தால் அதற்குப் பிறகு அது என்ன பாடு படும் என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். நீங்களே செய்துவிடுங்கள். உங்கள் கை என்றால் படுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
பார்சல்


ஜூன் 10

அன்புள்ள பார்சல்,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். மூன்று தடவை சிரித்தேன், கடைசிப் பத்தியில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

வயிறு என் துறை இல்லை. என்னிடம் வருகிறவர்கள் எங்கே வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாதவர்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதே என் வேலை. இன்று காலைகூட ஒருவர் மேசையிலிருந்து குதித்து, வாசலில் காத்திருந்தவர்களைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டார். பிடித்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதனால் தயவுசெய்து உங்கள் டாக்டர் சொல்வதையே கேளுங்கள். 28ஆம் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்தாம் நாள் நான் சொன்ன எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

நேற்று மழை பெய்தது. விடுதியின் தகரக் கூரை ஞாபகம் வந்தது. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால்கூட நீங்கள் குறட்டை விடுகிறீர்களோ என்று மேலே பார்க்கிறேன்.

அன்புடன்,
நான்


ஜூன் 14

டாக்டர் அவர்களுக்கு,

குழந்தை டாக்டரா நீங்கள்! இதை ஏன் அங்கேயே சொல்லவில்லை? வாழைப்பழத்துக்கு அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது.

மேசையிலிருந்து குதித்து ஓடிய பிள்ளைக்கு எத்தனை வயது? தாய் தகப்பன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணி, ஊசிக்குப் பயந்து நீங்க பண்ற கூத்துக்குக் குழந்தை டாக்டர்தான் சரி" என்கிறாள்.

28ஆம் தேதியை ரத்து செய்துவிட்டேன். சொல்லப்போனால் அந்த ஆபரேஷன் டாக்டரோடு கொஞ்சம் வாக்குவாதமே ஆகிவிட்டது. "எனக்கும் ஒரு டாக்டர் இருக்காங்க. வயித்தைத் தட்டிப் பார்த்துட்டு வெறும் வாயுதான்னு சொல்லிட்டாங்க" என்றேன். எங்கே தட்டினார்கள் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். "பித்தப்பை வலப்பக்கம்ல இருக்கு? யாரும்மா அந்த டாக்டர்?" என்கிறார். குரலில் பொறாமை தெரிந்தது. உங்களோடு அவர் நேரில் பேச வேண்டுமாம்.

நானே அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். 26ஆம் தேதி காலை பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பார்சல்


ஜூன் 17

பார்சல்,

வர வேண்டாம். ஆஸ்பத்திரியில் வெள்ளையடிக்கிறார்கள், உட்கார இடம் இல்லை. ஒரு தொற்று நோயும் பரவியிருக்கிறது. தவிர எனக்கு மாற்றல் வரலாம், அந்தத் தேதியில் நான் எந்த ஊரில் இருப்பேனோ தெரியாது.

அந்த டாக்டரிடமே போய் மன்னிப்புக் கேட்டு வேறு தேதி வாங்குங்கள். அவர் கெட்டிக்காரர் என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிகிறது. கெஞ்சிக் கேட்கிறேன்.


ஜூன் 21

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எங்கள் ஆபீசில் பார்சலை வாங்காமல் திருப்புகிறவர்கள் சீட்டில் காரணம் எழுத வேண்டும். உண்மையான காரணம் இருப்பவர்கள் ஒன்றுதான் எழுதுவார்கள். மூன்று எழுதினால் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவோம். நீங்கள் மூன்று எழுதியிருக்கிறீர்கள்.

புரிந்துகொண்டேன். தீவில் எல்லாரும் அரை டவுசரும் சேற்றுக் காலுமாக இருந்தோம், யார் டாக்டர், யார் மூட்டை நிறுப்பவள் என்று தெரியவில்லை. ஊரில் அது தெரியும். படித்த பெண்மணியைத் தேடிக்கொண்டு பார்சல் ஆபீஸ்காரி முதுகுப்பையோடு வந்து நின்றால் உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்தான். கடைசிப் படகைத் தவறவிட்டு, ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போட்டுத் தின்ற அன்றைக்கு, "உங்கள மாதிரி ஒருத்தி எனக்கு இருந்ததே இல்ல" என்று சொன்னீர்களே. அதை நம்பின என்னைச் சொல்ல வேண்டும்.

பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆபரேஷனும் செய்துகொள்ளப் போவதில்லை, உங்களிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. கல் என்னுடையது, நானே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீவில் உங்களுக்குப் பழக்கமான ஒருத்தி


ஜூன் 24

பார்சல்,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசி வரை படித்துவிடுங்கள். அதற்கப்புறம் கிழியுங்கள்.

நான் டாக்டர் இல்லை. குழந்தை டாக்டரும் இல்லை. மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் டாக்டர் இல்லை. டாக்டர் ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்கிறவள். ஆடு, நாய், குதிரை, ஒரு தடவை வாத்து. இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மேசையிலிருந்து குதித்து ஓடியவர் ஒரு கிடா.

முதல் நாள் நீங்கள் பாறையில் உட்கார்ந்து அலறியபோது விடுதிக்காரர், "யாராச்சும் டாக்டர் இருக்கீங்களா?" என்று கத்தினார். நான் "ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன்" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு மாடுகூட வழி விட்டதில்லை. அந்த வாக்கியத்தை மென்று விழுங்கிவிட்டேன். சாயங்காலமே எனக்குக் கீழ்க்கட்டில், ஜன்னல் ஓரம், எல்லாருக்கும் முன்னால் டீ. மறுநாள் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது.

குதிரைக்கு லாடத்தில் கல் மாட்டினால் காலை அப்படித்தான் தூக்குவோம். காதைத் தொடுவது மாட்டுக்கு. முள் பிடுங்கியதும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் தருமுன் "எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று கேட்டேனே, அதுவும் பழக்க தோஷம். நீங்கள் கொஞ்சமும் கோபப்படாமல் "எழுபத்தொரு கிலோ நானூறு" என்றீர்கள். அந்த நிமிஷம்தான் உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் முதுகுப்பைக்குச் சுள்ளென்ற வெயிலிலும் மழையுறை போட்டிருந்தேனே, அதற்கடியில் பசு மாட்டின் படம் பெரிசாக இருக்கிறது. தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பை. லீவு வந்த கதையும் பொய். ஓயாத வேலை, ஓய்வெடுக்க வந்தேன் என்றேன். உண்மையில் நாய் கடித்ததால் கிடைத்த லீவு. போன் நம்பர் தராததற்கும் நாய்கள்தான் காரணம். நீங்கள் போன் செய்தால் பின்னால் குரைக்குமே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஐந்தாம் நாள் அப்படி இல்லை. நீங்கள் வலியில் சுருண்டபோது தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கு வயிறு உப்பினால் இடப்பக்கம்தான் தட்டிப் பார்ப்போம், அதன் இரைப்பை அந்தப் பக்கம். தட்டினேன். எங்கள் டாக்டர் சொல்வதையே நானும் சொன்னேன்: "வெறும் வாயு." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஆபரேஷனை ரத்து செய்வீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகும் ஒரு கடிதத்தில் துறை என்றேன், இன்னொன்றில் வெள்ளையடிப்பு என்றேன். வெட்கம் கெட்டவள்.

டாக்டர் என்பதைக் கழித்துவிட்டால் உங்களுக்கு நான் யார் என்று பயந்தேன், அவ்வளவுதான். கௌரவக் குறைச்சல் எனக்கு உங்களால் இல்லை, உங்களுக்குத்தான் என்னால். என் சிநேகிதம் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள். பயந்துபோய் நோயை மறைத்து நின்ற எத்தனையோ உயிர்களைப் பிடித்திருக்கிறேன். தாமதமாக வந்தவற்றில் சில திரும்பிப் போகவில்லை.


ஜூலை 1

மாட்டாஸ்பத்திரி அம்மாவுக்கு,

படித்தேன். கடைசி வரை படித்தேன். கிழிக்கவும் செய்தேன். பிறகு தம்பி மனைவி பசை வைத்து ஒட்டி அவளும் படித்தாள்.

ஊரெல்லாம் என் டாக்டர், என் டாக்டர் என்று தம்பட்டம் அடித்தேனே! ஆபரேஷன் டாக்டரிடம் சவால் விட்டேனே! சுவரைப் பார்த்து நின்று காலைத் தூக்கிக் கொடுத்தேனே, எத்தனை பேர் பார்த்தார்கள்! போட்டோகூட எடுத்தார்கள். உங்களுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் தகரக் கூரைக்கு நேர் கீழே நான் வெந்தேன். இனி எழுதாதீர்கள்.

ஜூலை 3

மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்குமுன் ஒன்று நடந்துவிட்டது. நேற்று ஆபீசில் ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றும்போது வலி வந்து, மூட்டைக்குப் பதில் நான் தராசில் மல்லாந்துவிட்டேன். பசை டப்பாக்காரர் ஓடி வந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினார்: "மேடம், அறுபத்தெட்டுதான் இருக்கீங்க, என்ன ஆச்சு?" மூன்று கிலோ நானூறு காணோம். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

ஆபரேஷன் டாக்டர் திட்டவில்லை. உங்கள் கதையை மறைக்காமல் சொல்லி, ஒட்டின கடிதத்தையும் காட்டினேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "அவங்க எழுதின கடைசிப் பத்தி சரிதாம்மா" என்றார். ஜூலை 12 என்று நாள் வைத்திருக்கிறார்.

இரவெல்லாம் யோசித்தேன். தீவில் எனக்கு என்ன பிடித்திருந்தது? வைத்தியமா? முள் பிடுங்கியது யார் வேண்டுமானாலும் செய்வார்கள். பதினாலு முள்ளுக்கும் நான் நகராமல் நின்றேனே, அது எப்படி? ஊசி என்றால் எழுந்து ஓடுகிறவள் நான். என்னை நீ பிடித்துக்கொண்டிருந்தாய்.

ஆமாம், நீ என்றுதான் எழுதியிருக்கிறேன். டாக்டர்தான் இல்லையே, இனி என்ன மரியாதை? பொய் சொன்னதற்கு உன்னை நேரில் வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். அதற்காகவாவது வா. அப்படியே 12ஆம் தேதி என்னையும் பிடித்துக்கொள். தெரியாத வேலையைச் செய்யச் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலையைத்தான் கேட்கிறேன்.

பார்சல்


ஜூலை 7

பார்சலுக்கு,

லீவு கேட்டேன். "எதுக்குக்கா?" என்றார் எங்கள் டாக்டர். அவருக்கு என் மகன் வயது. "ஒருத்தியைப் பிடிக்கணும்" என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு, இடப்பக்கம் தட்டியதற்கு அவரும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

11ஆம் தேதி மாலை பஸ்ஸில் இறங்குவேன். மழையுறை போடாமல் பையை மாட்டி வருகிறேன், பசு மாட்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். நாலு வார்த்தை என்ன, நாற்பதாகவே கேள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் பிடித்ததில் என்னை உதைக்காமல் விட்டவர்கள் ரொம்பக் குறைவு. நீ அந்தக் கணக்கில் இருந்துகொள்.


ஜூலை 20

அடியே,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? உதைத்ததற்கு மன்னித்துவிடு. முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

நீ போன பிறகு தம்பி ஒன்று சொன்னான். என்னைத் தள்ளுவண்டியில் ஆபரேஷன் அறை வாசலுக்குக் கொண்டுபோனார்களே, கையில் ஊசி குத்த வந்ததும் நான் எழுந்து, பக்கத்தில் நின்ற உன்னை உதைத்துவிட்டுக் கீழே இறங்கப் பார்த்தேனே, அதுவரைதான் எனக்கு நினைவு. நீ மறுபடி கிட்டே வந்து ஒரு கையைப் பிடரியிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்தாயாம். "ப்ர்ர்" என்றாயாம். நான் சாதுவாகப் படுத்துவிட்டேனாம். அந்த நர்ஸம்மா ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்து, "நீங்க டாக்டரா?" என்று கேட்டாராம்.

வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். நீ என் தோளிலிருந்து கையை எடுக்காமலே அவர்களைச் சுற்றிப் பார்த்தாயாம். முழுக் கதையும் தெரிந்த தம்பி, நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தானாம். அப்புறம் சொன்னாயாம், "இல்லீங்க. நான் மாட்டாஸ்பத்திரியில பிடிச்சுக்கிறவ" என்று. அந்த அம்மா சிரிக்கவில்லையாம். "அப்ப நீங்களும் உள்ள வாங்க. மயக்கம் வர்ற வரைக்கும் விட்டுடாதீங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாராம். கூட்டம் உனக்கு வழி விட்டதாம். இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

நானும் ஒன்றைச் சொல்லவில்லை. மயக்கம் தெளிகிறபோது கண் திறக்க வரவில்லை. எங்கே கிடக்கிறேன், யார் கையில் இருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. ரொம்பப் பயந்துவிட்டேன். அப்புறம் யாரோ என் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். சரி, சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று மறுபடி தூங்கிப்போனேன்.

கல் மூன்றும் ஒரு சின்னப் பாட்டிலில் இருக்கின்றன. ஒன்று உனக்கு. நன்றாகச் சுற்றி, என் கையாலேயே சீட்டு ஒட்டி அனுப்புகிறேன். வாங்கிக்கொள், காரணம் எழுதித் திருப்பி அனுப்பாதே.

அடுத்த கடிதத்தில் மறக்காமல் உன் போன் நம்பரை எழுது. நாய் குரைத்தால் குரைக்கட்டும்.

பார்சல்